காற்றைப் பிடித்து வைக்கத்தானே சிலிண்டர்?

சட்டையில் ஸ்கிரீன் பிரிண்ட் போடும் மெஷினில், மையைத் தள்ளும் ரப்பர் பட்டையை (ஸ்க்வீஜி) காற்றழுத்தத்தால் அழுத்தும் சிலிண்டர் மறுபடியும் கசிகிறது. ஒரு பக்கம் டக்கென்று இறங்குகிறது, மறுபக்கம் யோசித்து யோசித்து இறங்குகிறது. சட்டையில் இடப்பக்கம் மை அடர்த்தி, வலப்பக்கம் வெளிறல். பழி மட்டும் ஆபரேட்டர் தலையில்!

சரி, காற்று கசியாமல் அடைக்கும் வளையமான சீலை மாற்றலாம் என்று கழற்றினால், அது இரு முனையையும் மடித்து மூடிய ரகம். பிரிக்கவே முடியாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதான். இரு முனை மூடிகளையும் இழுத்துப் பிடிக்கும் நாலு நீளக் கம்பி (டை ராடு) வைத்துச் செய்திருந்தால் குடியா முழுகியிருக்கும்? பிரிக்க முடிந்த இன்னொன்றிலோ உள்ளே வெளியே போய்வரும் தண்டு (ராடு) முழுக்கக் கீறல். பஞ்சுத் தூசி, ஸ்ப்ரே பசை, காய்ந்த மை எல்லாம் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. இதில் புது சீல் போட்டு என்ன பிரயோஜனம்? அப்புறம், யூ வடிவ சீலின் உதடு காற்றழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். போன தடவை மாட்டிய புண்ணியவான் திருப்பி மாட்டியிருக்கிறார்!

கம்ப்ரஸர் மூச்சுவிடாமல் ஓடுகிறது. மேலதிகாரியிடம் சொன்னால் வரும் ஒரே வைத்தியம்: "பிரஷரை ஏத்திப் பாருங்க." ஏற்றினால் அதே ஓட்டை வழியாக இன்னும் நிறையக் காற்று போகும். வேறென்ன ஆகும்?