‘இங்’ எங்கே ஒட்டும்?

ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் கைவிடு. எப்படி என்று கேட்கக் கூடாது. மனப்பாடம் செய்ய வேண்டும். சரி, செய்தாயிற்று. அதோடு விடுகிறார்களா? இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல, வினையின் வாலில் ‘இங்’ ஒட்டும் நிகழ்காலத் தொடர் என்று ஒன்றைக் கொண்டுவந்து அதன் தலையில் ஏற்றுகிறார்கள்.

தமிழில் ‘விட்டுக்கொடு’ என்பதற்கு எவ்வளவு நீளமான வால் வைத்தாலும் அது கடைசியில்தான் வரும்: விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு வாங்கும்தான், ஆனால் இடம் மாறாது. அங்கோ ‘இங்’ நடுவில் நுழைகிறது: ‘கிவிங் அப்’. போதாததற்கு ‘அது’ என்னும் ‘இட்’ வந்தால் அதற்கும் நடுவில்தான் இருக்கை. அதை அணைப்பதற்கு ‘டர்னிங் இட் ஆஃப்’ சரி. ‘டர்னிங் ஆஃப் இட்’ தவறு. ‘இட்’டுக்குப் பதில் ‘தி ஃபேன்’ என்றால் மட்டும் நடுவிலோ கடைசியிலோ விருப்பம்போல் உட்காரலாமாம். இதைப் பழகி முடிப்பதற்குள், அதைக் கவனித்துக்கொள்வதற்கு ‘லுக்கிங் ஆஃப்டர் இட்’ வருகிறது. அதைப் பிரிக்கவே கூடாது!

அப்பாவைப் போல இருக்கிறான் என்பதற்கு ‘டேக்ஸ் ஆஃப்டர்’. இப்போதும் அப்படித்தானே இருக்கிறான் என்று ‘டேக்கிங் ஆஃப்டர்’ போட்டால் ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் திறக்கிறார். அது நிலையாம், நிகழ்வு இல்லையாம்.

எல்லாவற்றுக்கும் மேல், உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன் என்பதற்கு ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ’. ‘டு’வுக்குப் பின் வெறும் வினைதான் வரும் என்று பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தவர்களே, இங்கே இன்னொரு ‘இங்’ வேண்டும் என்கிறார்கள். அலுவலகக் கடிதங்கள் பல ‘டு மீட் யூ’ என்றுதான் முடிகின்றன. அதற்காக யாரும் சந்திக்க வராமல் இருந்ததாகத் தெரியவில்லை.