ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ

அவன் போய் இன்றோடு ஒரு வருஷம். காலையிலிருந்து ஃபேஸ்புக்கைத் திறந்தாலே அவன் படம்தான். "உயிரைக் கொடுத்து உயிர் காத்தவர்", "நடமாடும் தெய்வம்" என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். அன்பில்தான் எழுதுகிறார்கள், சரி. ஆனால் அவன் பாராமெடிக், ஆம்புலன்ஸில் நோயாளி பக்கத்திலேயே இருந்து அவசரச் சிகிச்சை கொடுக்கிற ஆள். நாலு வருஷம் அதே ஆம்புலன்ஸை ஓட்டியவன் நான். எனக்கு அந்த "உயிரைக் கொடுத்து" மட்டும் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. அவன் எங்கே கொடுத்தான்? பறிபோனது. போகாமல் தடுத்திருக்கலாம்.

தெய்வம் என்று சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். ஸ்ட்ரெச்சரைக் கழுவுகிற முறை வந்தால் நைசாக நழுவுகிற ஆள். ஆனால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் வேறு மனுஷன். பி.பி., பல்ஸ், மருந்து போட்ட நேரம் எல்லாவற்றையும் இடது கையுறையின் மேலேயே பேனாவால் குறித்துக்கொள்வான். இந்த வேலையில் நிறையப் பேர் செய்வதுதான், ஆனால் குலுங்குகிற வண்டியிலும் இவன் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மருத்துவமனையில் கேஸை ஒப்படைக்கும்போது புறங்கையைப் பார்த்தே மளமளவென்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் கையுறையைக் கழற்றுவான்.

அன்றைக்கு எனக்கு விடுப்பு. இதயம் நின்றுபோன ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, சந்திப்பில் பக்கவாட்டிலிருந்து வந்த வண்டி இடித்தது. முன்னால் பெல்ட் போட்டிருந்த டிரைவர் காயத்தோடு தப்பினார். பின்னால் இவன் நின்றுகொண்டிருந்தான்.

ஏன் நின்றான், பெல்ட் போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக ரத்தம் ஓட நெஞ்சை அழுத்துகிற சிபிஆர் என்றால் நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். இருக்கையில் பெல்ட்டோடு உட்கார்ந்தபடி அந்த அழுத்தம் வராது. எழுந்து, குனிந்து, ஒரு முழங்காலை எங்காவது முட்டுக்கொடுத்துத்தான் செய்தாக வேண்டும். இரண்டு கையும் நோயாளியின் நெஞ்சில் இருக்கும்போது வண்டி திரும்பினால் எதைப் பிடிப்பது?

1965-66ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற டீஃபிப்ரிலேட்டர் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடியது, எடை சுமார் 70 கிலோ. நோயாளி மருத்துவமனை வந்து சேரும்வரை காத்திருக்காமல், சிகிச்சை அவர் விழுந்து கிடக்கிற இடத்துக்கே போகட்டும் என்பதுதான் அவர் யோசனை. பாராமெடிக் என்ற வேலையே அந்த யோசனையில் நிற்கிறது. இதயம் நின்றுபோன பெரும்பாலான கேஸ்களில் செய்ய வேண்டிய முதல் காரியங்கள், அதாவது அழுத்துவது, ஷாக் கொடுப்பது, மூச்சுக் கொடுப்பது எல்லாம் அந்த இடத்திலேயே நடக்க வேண்டியவை. ஓடுகிற வண்டியில் செய்தால் அழுத்தத்தின் தரமும் குறைகிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அவன் தரையில் மண்டியிட்டு வேலையை ஆரம்பித்த உடனே நாலு பேர் சுற்றி நின்று "இங்கேயே என்ன பண்றீங்க, சீக்கிரம் தூக்கிட்டுப் போங்க" என்று கத்துகிறோம். ஒருதடவை அவன் சட்டையையே பிடித்திருக்கிறார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது, கிடப்பது அவர்கள் வீட்டு ஆள். ஆனால் அந்தக் கத்தலுக்குப் பயந்து கிளம்புகிற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே கிளப்பியிருக்கிறேன்.

மேலிடமும் லேசுப்பட்டதில்லை. எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாய் என்றுதான் கணக்கு கேட்பார்கள், பின்னால் இருந்தவன் எப்படி நின்றான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சைரன் போட்டு விரட்டினால் பெரும்பாலும் மிச்சமாவது ஒரு சில நிமிஷம்தான். அது உதவுகிற கேஸ் உண்டு, ஆனால் எல்லாக் கேஸும் அது இல்லை. நெஞ்சை அழுத்தித் தருகிற மெஷின் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எழுந்து நின்றாலும் உடம்பை இழுத்துப் பிடிக்கிற பெல்ட்டும் இருக்கிறது. செலவு என்று தள்ளிவைத்தவர்கள் அவன் இறுதிச் சடங்குக்கு மட்டும் பெரிய மாலையோடு வந்தார்கள். எனக்கு அந்த மாலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டிரைவர் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அவன் அதில் விரலால் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் கிளம்பு. ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. சைரன் சத்தத்திலும் அந்த ஒரு தட்டு எனக்கு நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன்.