ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்தது

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்ற பேச்சை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. எதை நம்புகிறேன், எந்த வேலை என்னுடையது என்ற இரண்டும் ஒன்பது வயதுக்குள் எனக்குத் தெரிந்திருந்தன. அவற்றை எடுத்துச் சொல்லும் சொற்கள் கிடைப்பதற்குத்தான் இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டா என்னை அய்யா வைகுண்டரின் வழியில் நடப்பவர்கள் கும்பிடும் இடமான நிழல்தாங்கலுக்கு அழைத்துச் செல்வார். சட்டையைக் கழற்றச் சொல்லி, நெற்றியில் நாமமிட்டு, தம்முடைய துண்டையே எனக்குத் தலைப்பாகையாகக் கட்டிவிடுவார். உள்ளே சிலை இல்லை, ஒரு கண்ணாடிதான் இருந்தது. "யாரு தெரியுதுன்னு பாரு மக்ளே" என்றார். தலைப்பாகை கட்டிய என் முகமே தெரிந்தது. அந்தத் துண்டுக்குப் பின்னால் இருந்த வரலாற்றைத் திரும்பி வரும் வழியில் சொன்னார். 1809-இல் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரையே மேல்சாதியார் பொறுக்காமல் முத்துக்குட்டி என்று மாற்ற வைத்தார்கள் என்றும், திருவிதாங்கூரில் நம்மைப் போன்றவர்கள் தலையில் துணி கட்டத் தடை இருந்த காலத்தில்தான் அய்யா எல்லோரையும் தலைப்பாகையோடு வந்து கும்பிடச் சொன்னார் என்றும் அவர் விளக்கினார். அன்று எனக்கு ஏழு வயது. எவர் தலையும் எவர் தலைக்கும் தாழ்ந்ததில்லை என்ற என் நம்பிக்கை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தொடங்கியது. பின்னர் படித்த நூல்கள் அதை உறுதிப்படுத்தின, புதிதாக எதையும் விதைக்கவில்லை.

வேலை தெரிந்த கதை வேறு. 1990-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி வகுப்புகள் நடந்தபோது, அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) முந்திரி உடைத்துவிட்டு வரும் பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூடுவார்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துத் தோல் உரிந்த விரல்களால் சித்தி பலகைக்குச்சியைப் பிடிக்க முடியாமல் தவித்த ஒரு மாலையில், நான் அவர் கையின்மேல் என் கையை வைத்து அவருடைய பெயரின் முதல் எழுத்தை எழுத வைத்தேன். மூன்றாவது முறை என் கையை விலக்கிவிட்டு அவரே எழுதினார். அப்போது அவர் முகத்தில் கண்டதை மீண்டும் மீண்டும் காண வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்று நான் ஆசிரியராக இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இவையெல்லாம் பெரியவர்கள் ஊட்டியவைதானே என்று சிலர் கேட்கக்கூடும். அதே திண்ணையில், அதே மாலைகளில் என் அண்ணனும் இருந்தான். அவனுக்கு எழுத்து நினைவில்லை. பெட்ரோமாக்ஸ் மட்டுமே நினைவிருக்கிறது. காற்றடித்தால் ஏன் வெளிச்சம் கூடுகிறது என்று பார்ப்பதற்காக அதைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவன், இன்று குளச்சலில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கிறான். பெரியவர்கள் விளக்கை ஏற்றிவைத்தார்கள். அதில் எதைப் பார்ப்பது என்பதை நாங்களே முடிவு செய்தோம்.

எங்கள் மாவட்டத்துப் பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவை (ப. ஜீவானந்தம்), அவர் நடத்திய சிறாவயல் ஆசிரமத்தில் 1927-இல் காந்தி சந்தித்தபோது ஜீவாவுக்கு வயது இருபதுதான். தீண்டாமைக்கு எதிராக அவர் கொண்டிருந்த உறுதி இருபதாவது வயதில் திடீரென்று முளைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

"என்ன ஆகப் போகிறாய்" என்று கேட்கும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அந்தக் கேள்வி ஒரு பதவியின் பெயரை எதிர்பார்க்கிறது. குழந்தையிடம் இருப்பதோ ஒரு செயல். "எழுதச் சொல்லிக் கொடுப்பேன்" என்று நான் சொன்னபோது உறவினர்கள் சிரித்தார்கள், பிறகு பொறியியல் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே கழிந்த இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதனால் என் ஐந்தாம் வகுப்பில் கேள்வியை மாற்றிவிட்டேன். எதைச் செய்துகொண்டிருக்கும்போது அம்மா கூப்பிடுவது உங்கள் காதில் விழுவதில்லை என்று கேட்கிறேன். போன மாதம் கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒரு மாணவன் பதில் சொல்லாமல் நின்றான். மறுநாள் ஒரு முழம் நைலான் நூலோடு வந்து, கிழிந்த வலையின் கண்ணியை அவன் பாட்டி எப்படி முடிவார் என்று என் மேசைமேல் முடிந்து காட்டினான். மணி அடித்த பிறகும் அவன் நிமிரவில்லை.