கொழுந்துக் கறை

2021 ஏப்ரல் 6. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் பீர்மேடு தொகுதியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நான் நின்றேன். வெளியே ஒரு கட்சிக்காரர் வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. எல்லாக் கட்சியிலும் அவர் உண்டு. எங்களுக்கு முன்னால் இரண்டு மலையாளக் குடும்பங்கள் சென்றன. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்ததும், "விரல் காணிக்கு" என்றார்.

அம்மா இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனியிலும் நகக்கண்ணிலும் கருப்பு. அவர் குனிந்து பார்த்தார். தமிழ்நாட்டில் வோட்டுப் போட்டு மையை அழித்த விரல் என்று முடிவு செய்துவிட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"கொழுந்துக் கறை தம்பி. முப்பது வருஷமாக இருக்கிறது" என்று சொல்லி, அம்மா மற்றக் கையையும் விரித்துக் காட்டினாள். பத்து விரலிலும் அதே கறை. அவர் ஒதுங்கி நின்றார்.

அந்த வாரம் முழுவதும் இடுக்கியில் ஜீப் மைக்குகளில் ஒலித்த சொல் 'இரட்டை வோட்டு'. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பல தோட்டங்கள் மூடிக் கிடக்கின்றன. ஜனங்கள் பிழைப்புக்காகக் கம்பத்துக்கும் தேனிக்கும் இறங்கினார்கள். சிலருடைய பெயர் இரண்டு மாநில வாக்காளர் பட்டியலிலும் நின்றுவிட்டது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. அது சரியான சட்டம். பட்டியலை ஒத்துப் பார்த்துப் பெயரை நீக்க வேண்டும், நீக்கட்டும். ஆனால் அதே தேர்தலில், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா கேரளம் முழுவதும் லட்சக்கணக்கில் இரட்டைப் பதிவுகள் இருப்பதாக உயர் நீதிமன்றம் வரை போனார். அவர் சொன்னது மாநிலம் முழுவதற்குமான கணக்கு. எங்கள் மலையில் மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. கொண்டை போட்ட, மூக்குத்தி குத்திய, தமிழ் பேசுகிற ஒரு தோட்டத் தொழிலாளியின் முகம். மைக்கில் 'இரட்டை வோட்டு' என்றால் டீக்கடையில் எங்கள் பக்கம் தலைகள் திரும்பும். மைக்கில் பேசியவர் 'தமிழர்' என்று ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த வித்தையை அமெரிக்காவில் ஒருவர் வாய்விட்டே விளக்கியிருக்கிறார். லீ ஆட்வாட்டர், அமெரிக்க அதிபர்களான ரீகனுக்கும் பின்னர் மூத்த புஷ்ஷுக்கும் தேர்தல் வேலை பார்த்தவர். 1981இல் ஓர் ஆய்வாளரிடம் பேசும்போது அவர் சொன்னதன் சாரம் இது: 1954இல் கறுப்பர்களைக் குறிக்கும் வசைச்சொல்லை மேடையில் நேராகச் சொல்லலாம், 1968 வந்ததும் சொல்ல முடியாது, சொன்னவனையே அது திருப்பி அடிக்கும். அதனால் மாநில உரிமை, பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயமாக வேறு பகுதிக்குப் பஸ்ஸில் அனுப்புவது என்று பேச ஆரம்பித்தார்கள். பிறகு வரிக்குறைப்பு. சொல் நாகரிகமாகிக்கொண்டே போகும், அடி மட்டும் பழைய இடத்திலேயே விழும்.

ரீகன் 1976இல் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு சிகாகோ பெண்ணின் கதையைச் சொன்னார். எண்பது பெயர், முப்பது முகவரி, வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரியில்லாத வருமானம், எல்லாம் அரசாங்க உதவிப் பணம். அப்படி ஒரு பெண் உண்மையிலேயே இருந்தார்; 1977இல் மோசடிக்காகத் தண்டனையும் பெற்றார். வழக்கில் இருந்த தொகை சுமார் 8,000 டாலர். ரீகன் அந்தப் பெண்ணின் நிறத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. உதவிப் பணம் வாங்கிய ஒவ்வொரு கறுப்பினத் தாயின் மேலும் அந்த ஒருத்தியின் குற்றம் வந்து உட்கார்ந்தது. இதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் விரல்தான் கண்ணில் நின்றது. எங்கோ நிஜமாகவே ஒருவர் செய்த தப்பு வேண்டும். அது இருந்தால்தான் மறுத்துப் பேசுகிறவனைப் பார்த்து, "அப்படியானால் திருட்டு வோட்டை ஆதரிக்கிறாயா?" என்று கேட்க முடியும்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒளிவுமறைவு கிடையாது. தமிழர்களை இளப்பமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பெயராலேயே கூப்பிடுவார்கள். அழுதுகொண்டு வந்தால் தாத்தா, "பாண்டி ஒரு ராஜாவுடைய பேர், நிமிர்ந்து நட" என்பார். அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேரளத்தின் பந்தளத்து அரச குடும்பமும் பூஞ்ஞாற்று அரச குடும்பமும் தங்களைப் பாண்டிய வம்சம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. அரண்மனையில் பெருமையான அதே பெயர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வசையானது. இன்றைக்கு அதை மேடையில் சொன்னால் பெரிய வம்பாகிவிடும். அதனால் 'வந்து சேர்ந்தவர்கள்', 'அப்புறத்துக்காரர்கள்', 'இந்த ஊர்க் காரியத்தை இந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வோம்'. என் தாத்தாவின் அப்பா காடு வெட்டித் தேயிலை நட்ட மண் இது. நான் எந்த ஊர்க்காரன்?

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3)ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பேரில் வாக்குக் கேட்பதைத் தடுக்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் அடையாளம் மட்டுமல்ல, வாக்காளரின் அடையாளமும் இதில் அடங்கும் என்று 4-3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் 'இந்த ஊர்க்காரர்கள்' என்ற சொல்லை எந்த நீதிமன்றத்தில் கொண்டு போய் நிரூபிப்பது? டீக்கடையில் திரும்பிய தலைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

இவ்வளவு எழுதிவிட்டு மலைக்குக் கீழே பார்க்காமல் இருந்தால் நான் யோக்கியன் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் எரிந்தபோது எங்கள் ஆட்கள் பயந்து தமிழ்நாட்டுக்கு இறங்கி ஓடினார்கள். அதே நாட்களில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தே சொல்வேன். 'நாடகக் காதல்' என்று தமிழ்நாட்டு மேடையில் ஒருவர் பேசினால் எந்தச் சேரிப் பையனைச் சொல்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரியாதா? தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் தெலுங்குக் குடும்பத்தைப் பார்த்து 'வந்தேறி' என்கிறார்கள். அந்த 'வந்தேறி'யும் இங்கே என் காதில் விழும் 'வந்து சேர்ந்தவர்க'ளும் பொருளில் ஒன்றுதான். போன மாதம் கம்பத்தில் என் அத்தை மகன் அந்தச் சொல்லைச் சொன்னான். "மாப்பிள்ளை, யாரைச் சொல்கிறாய்? பெயரைச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவன் லாரிக்கு டீசல் அடிக்கக் கடன் கொடுக்கிறவர் ஒரு நாயுடு.

அந்தக் கேள்விக்கு வலு உண்டு. தாலி மெண்டல்பெர்க் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1988 அமெரிக்க அதிபர் தேர்தலை ஆராய்ந்தார். சிறை விடுப்பில் போய்க் குற்றம் செய்த வில்லி ஹார்ட்டன் என்ற கறுப்பின மனிதரின் முகத்தை வைத்து நடந்த பிரசாரம் அது. 'இது இனவெறிப் பிரசாரம்' என்று கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் வெளிப்படையாகச் சொன்ன பிறகு அதன் வீரியம் குறைந்தது என்று மெண்டல்பெர்க் 2001இல் எழுதினார். மறைவில் இருக்கும் வரைதான் அந்தச் சொல் வேலை செய்கிறது. ஆகவே டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும், நம் வீட்டு வாட்ஸாப் குழுவிலும், யாரைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், கேள்வி போதும்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19இல் வாக்களித்தது, கேரளம் ஏப்ரல் 26இல். 25ஆம் தேதி இரவு அடுக்களையில் வெளிச்சம் தெரிகிறதே என்று எழுந்து போனேன். அம்மா எலுமிச்சம்பழத் தோலில் உப்பைத் தொட்டு, இடது கை ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.