இந்த நிபந்தனையோடு பொம்பிடு மையம் வந்திருக்குமா?

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டி அறிவிப்பை அனுப்பியிருந்தார். நூலகம், சிறு அரங்கம், கண்காட்சிக் கூடம், பிள்ளைகளுக்கான பயிற்சி அறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் வரப்போகின்றன. அதற்கு வடிவமைப்புப் போட்டி. எந்த ஊர், எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். முதல் பக்கத்தில் 'புதிய சிந்தனைகளை வரவேற்கிறோம்' என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். உள்ளே போனால் தகுதி நிபந்தனை: இதே அளவில் இதே வகைக் கட்டடம் ஒன்றை ஏற்கெனவே முடித்திருக்க வேண்டும். டர்ன்ஓவர் இத்தனை கோடி. வைப்புத்தொகை இத்தனை லட்சம். புதிய சிந்தனை வேண்டும், ஆனால் பழைய ஆளிடமிருந்து வேண்டும்!

இதே மாதிரி ஒரு மையத்துக்கு உலகத்திலேயே பேர்போன போட்டி 1971இல் பாரிஸில் நடந்தது. பிரெஞ்சு அதிபர் ஜார்ஜ் பொம்பிடுவின் ஆசை அது; பிற்பாடு அவர் பெயரிலேயே பொம்பிடு மையம் ஆனது. நவீனக் கலைக்கான அருங்காட்சியகம், பெரிய பொது நூலகம், தொழில் வடிவமைப்புக்கான மையம், இசை ஆய்வுக்கூடம் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இடம் போபூர் என்ற பழைய பகுதி. அங்கிருந்த நெருக்கடியான வீடுகளை எப்போதோ இடித்துவிட்டு, காலி மனையை வண்டி நிறுத்தப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். போட்டி எல்லா நாட்டுக்காரர்களுக்கும் திறந்திருந்தது. வரைபடங்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். 681 திட்டங்கள் வந்தன.

வென்றவர்கள் யார்? இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவுக்கு அப்போது 33 வயது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் ரோஜர்ஸுக்கு 37. ஜான்ஃபிராங்கோ ஃபிராங்கினியும் கூட இருந்தார். ரோஜர்ஸ் கணக்கில் அதுவரை இருந்தவற்றில் சொல்லும்படியானவை கூட்டாளிகளோடு கட்டிய ஒரு தொழிற்சாலையும், விம்பிள்டனில் தன் பெற்றோருக்குக் கட்டிக்கொடுத்த வீடும். பியானோவிடம் சில தொழிற்கூடங்களும், 1970 ஒசாகா கண்காட்சியில் இத்தாலியத் தொழில்துறைக்காகப் போட்ட ஓர் அரங்கும் இருந்தன. கட்ட வேண்டியதோ ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர மீட்டர்! 'இதே அளவில் ஒன்றை முடித்திருக்க வேண்டும்' என்று பிரெஞ்சு அரசு அன்று ஒரு வரி சேர்த்திருந்தால், இவர்கள் விண்ணப்பப் படிவத்தையே தொட்டிருக்க முடியாது. இன்னொரு வேடிக்கை: ரோஜர்ஸுக்கு இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே இஷ்டமில்லை. ஓவ் ஆரப் நிறுவனத்தின் பொறியாளர் டெட் ஹாப்பல்ட் விடாமல் நச்சரித்ததால்தான் இறங்கினார்.

இவர்கள் செய்த பெரிய காரியம் நீல, பச்சைக் குழாய்களை வெளியே தொங்கவிட்டது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். கொடுத்த மனையில் பாதியைக் காலியாக விட்டார்கள் பாருங்கள், அங்கேதான் போட்டியை வென்றார்கள் என்பேன். தேவைப் பட்டியலில் யாரும் ஒரு மைதானம் கேட்கவில்லை. இவர்களாகவே கட்டடத்தை ஒரு பக்கமாகத் தள்ளி உயர்த்திவிட்டு, மீதியை ஊர் வந்து உட்காரும் சரிவான முற்றமாக்கினார்கள். 2025இல் மையத்தை மூடும்வரை வித்தை காட்டுகிறவர்களும் பாட்டுக்காரர்களும் அங்கேதான் கூட்டம் சேர்த்தார்கள். டிக்கெட் வாங்காதவனுக்கும் அந்த மையத்தில் ஓர் இடம் இருந்தது என்றால் அது இந்த முடிவால்தான். டெண்டரில் இப்படிச் செய்தால், மனையை முழுசாகப் பயன்படுத்தவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள்.

தூண் வைக்காமல் 48 மீட்டர் அகலத்துக்கு உத்திரம் போட்டதும் சும்மா பந்தாவுக்கு இல்லை. படிகள், லிஃப்ட், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டால் உள்ளே ஒவ்வொரு தளமும் வெறும் தரையாகக் கிடைக்கும். இன்று நூலகம், நாளை கண்காட்சி, எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கல்விக்கும் கலைக்குமான மையம் என்றால் ஐம்பது வருஷம் கழித்து அங்கே என்ன நடக்கும் என்று இன்று யாருக்குத் தெரியும்?

அந்த நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உறுப்பினர் அட்டை கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது. நேரே உள்ளே போய் அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கலாம். வீட்டுக்கு மட்டும் தர மாட்டார்கள். 2025வரை அந்த மையத்திலேயே இரவு பத்து மணிவரை திறந்திருந்தது. பாரிஸ் மாணவர்கள் அதற்காக வரிசையில் நின்றது ரொம்பப் பிரசித்தம். 1977 ஜனவரியில் மையம் திறந்தபோது, எதிர்பார்த்ததைப் போல ஐந்து மடங்கு கூட்டம் வந்தது. பெரும்பகுதி மத்தீஸ், பிக்காசோவுக்காக வந்த கூட்டம் என்று நான் நம்பவில்லை.

சரி, 681இல் இதைத் தேர்ந்தெடுத்தது யார்? நடுவர் குழுவின் தலைவர் ழான் ப்ரூவே. உலோகப் பட்டறையில் கை கறுத்து வளர்ந்தவர், கட்டடக்கலைப் பட்டமே இல்லாதவர். 'பட்டமில்லாதவர் எப்படி நடுவராகலாம்' என்று அதையே சாக்காக வைத்து வழக்குப் போட்டார்கள். குழுவில் ஆஸ்கர் நீமயர், ஃபிலிப் ஜான்சன் போன்ற கட்டடக்கலைப் பெருந்தலைகளோடு நூலகம், அருங்காட்சியகம் நடத்திய அனுபவஸ்தர்களும் இருந்தார்கள். முடிவைப் பார்த்த பொம்பிடு, 'இதுக்கு ஊர் கத்தப் போகிறது' என்கிற மாதிரி சொன்னாராம். கத்தியது. ஆனாலும் அவர் நடுவர் முடிவில் கைவைக்கவில்லை. அவர் ரசனைக்கு இது ஒத்துவந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். என்னைக் கேட்டால், அந்தப் போட்டியில் மிக அரிதான விஷயம் அந்தக் கட்டுப்பாடுதான்.

இன்னொரு உதாரணம், அலெக்ஸாண்ட்ரியா. பழங்கால நூலகத்தின் நினைவாக எகிப்தில் புதிய நூலகம் கட்ட யுனெஸ்கோ துணையோடு போட்டி வைத்தார்கள். 1989இல் வென்றது நார்வேயைச் சேர்ந்த ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை அலுவலகம். அன்றைக்கு அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. காட்டுவதற்குக் கையில் பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது. 160 மீட்டர் விட்டத்தில் கடலைப் பார்த்துச் சாய்ந்த வட்டமாக, 2002இல் நூலகம் திறந்தது. ஆனால் 80 லட்சம் புத்தகங்களுக்கு இடம் வைத்துக் கட்டிய அந்த அலமாரிகள் திறப்பு விழாவன்று பெரும்பாலும் காலி. கட்டடத்துக்குப் போட்டி வைக்கலாம். புத்தகம் வாங்க வருஷாவருஷம் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

போட்டி என்றாலே நல்லது என்று சொல்ல வரவில்லை. ஹெல்சிங்கியில் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு வைத்த போட்டிக்கு 1,715 திட்டங்கள் வந்தன. 2015இல் மொரோ குசுனோகி என்ற பாரிஸ் அலுவலகம் வென்றது. அடுத்த ஆண்டே நகர மன்றம் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட்டுத் திட்டத்தையே மூடிவிட்டது. அத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் கூலியில்லாமல் ராத்திரி கண் விழித்திருப்பார்கள்! நம் டெல்லியிலும் நடந்தது. இந்திரா காந்தி தேசிய கலை மையத்துக்கு 1986இல் உலகப் போட்டி வைத்து அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரால்ஃப் லெர்னர் வென்றார். அந்தத் திட்டத்தில் ஒரு பகுதிதான் எழுந்தது. கட்டுவதற்குப் பணமும் மனமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாமல் போட்டி அறிவிப்பது இளைஞர்களின் உழைப்பை ஓசியில் வாங்குவது.

'அனுபவம் இல்லாதவன் கட்டினால் ஒழுகுமே' என்பார்கள். நியாயமான பயம். பொம்பிடு மையத்தையே 1997இல் இரண்டு வருஷத்துக்கு மேல் மூடிப் பழுதுபார்த்தார்கள். வெளியே தொங்கும் இரும்புக்கும் குழாய்க்கும் பராமரிப்பு லேசுப்பட்டது இல்லை. இப்போது ஆஸ்பெஸ்டாஸை அகற்றவும் வேண்டியிருப்பதால், 2025 செப்டம்பரில் மறுபடி மூடினார்கள், 2030இல்தான் திறப்பு. அந்தப் புதுப்பிப்பு வேலையை 2024இல் வென்ற குழுவில், மெக்ஸிகோவின் ஃப்ரீதா எஸ்கோபேதோவோடு இருப்பது, ஹெல்சிங்கியில் ஏமாந்த அதே மொரோ குசுனோகி. ஆனால் 1971இல் அனுபவக் குறையை ஈடுகட்டியது ஆரப்பின் பொறியாளர்கள், குறிப்பாக பீட்டர் ரைஸ். முதலில் யோசனையைத் தேர்ந்தெடு. அனுபவத்தை அப்புறம் கூடச் சேர்த்துக்கொள். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நண்பர் அனுப்பிய அந்த அறிவிப்புக்கு ப்ரீ-பிட் மீட்டிங் (விண்ணப்பிக்கும் முன் சந்தேகம் கேட்கும் கூட்டம்) அடுத்த வாரம். நானும் போகிறேன். மூன்றைக் கேட்பேன்: முதல் சுற்றுக்கு டர்ன்ஓவர், அனுபவ நிபந்தனைகளை எடுங்கள். இரண்டாம் சுற்றுக்குத் தேர்வாகும் எல்லாருக்கும் வேலைக்குப் பணம் கொடுங்கள். நடுவர்கள் பெயரையும், தேர்ந்தெடுத்த காரணத்தையும் எழுதி வெளியிடுங்கள். மூன்றாவதைத்தான் முதலில் மறுப்பார்கள் என்று நினைக்கிறேன். கூட வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.