ஃபாக்ஸ் கானர் செய்த வேலை

பெரிய அதிகாரி ஒருவர் நமக்காக ஒரு ஃபோன் போட்டால் போதும், தலை தப்பிவிடும் என்ற நம்பிக்கை இல்லாத ஆபீஸே கிடையாது. அப்படித் தப்பியவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே அதே வம்பில் மறுபடி மாட்டுவதையும் பார்த்திருக்கிறோம். ஃபோன் போட்டதோடு பெரியவரின் வேலை முடிந்துவிடுகிறது, அதுதான் காரணம். அமெரிக்க ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் ஃபாக்ஸ் கானர் என்று ஒருவர் இருந்தார். அவர் அதோடு விடவில்லை. அவர் கரையேற்றிய மேஜர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான டுவைட் ஐசன்ஹோவர்.

1921ல் ஐசன்ஹோவர் மீது வந்த குற்றச்சாட்டைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். மகனுக்கென்று வாங்கிய வீட்டுப்படி 250 டாலர் 67 சென்ட். அந்த நாட்களில் பையன் அவரோடு இல்லாமல் உறவினர் வீட்டில் இருந்தான், ஆகவே படி வாங்கியது விதிமீறல். விதி தெரியாமல் வாங்கிவிட்டேன், திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்றார். ராணுவத்தின் தலைமை ஆய்வாளர் மசியவில்லை. கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணை வரைக்கும் பேச்சு போனது. கொடுமை என்னவென்றால், விசாரணை நடந்தபோது அந்தப் பையனே உயிரோடு இல்லை. அந்த வருஷம் ஜனவரி 2ம் தேதி, மூன்று வயதில், ஸ்கார்லெட் காய்ச்சலில் போய்விட்டான். அப்பா கணக்குக் காட்ட வேண்டியிருந்தது அவன் பெயரில் வாங்கிய பணத்துக்கு.

ஏற்கெனவே மனிதருக்கு நேரம் சரியில்லை. முதல் உலகப் போர் முழுக்க உள்நாட்டிலேயே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்ததால் பிரான்ஸ் போர்க்களத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. 1920ல் டாங்கிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போய், காலாட்படைத் தலைவர் கூப்பிட்டு, இனிமேல் இப்படி எழுதினால் கோர்ட் மார்ஷல்தான் என்று மிரட்டி அனுப்பியிருந்தார்.

கானரை இவருக்கு அறிமுகம் செய்தவர் பக்கத்து வீட்டு நண்பர் ஜார்ஜ் பாட்டன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பார்த்தவுடனே கானருக்கு இவரைப் பிடித்துப்போயிற்று. பனாமாவுக்குத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டார், முதலில் கிடைக்கவில்லை. 1921ல் பெர்ஷிங் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். போர்க்காலத்தில் பிரான்ஸில் பெர்ஷிங்குக்குப் போர்த்திட்டங்களைக் கவனித்தவர் இதே கானர். அந்த உரிமையில் மறுபடி கேட்டார். கோர்ட் மார்ஷல் நின்றது. எழுத்துமூலமான கண்டனம் மட்டும் வந்தது. 1922 ஜனவரியில் ஐசன்ஹோவர் பனாமாவுக்குக் கிளம்பினார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதுவும் ஒரு சிபாரிசுக் கதை, அவ்வளவுதான். இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். பனாமாவில் கேம்ப் கெய்லார்ட் முகாமில் நடந்ததுதான் விஷயம்.

ராணுவ வரலாறு என்றாலே ஐசன்ஹோவருக்குக் கசப்பு. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அதை மனப்பாடப் பாடமாக நடத்திக் கெடுத்து வைத்திருந்தார்கள். கானர் அறிவுரை சொல்லவில்லை. முதலில் வரலாற்று நாவல்களைக் கையில் கொடுத்தார். அது பிடித்துப்போன பிறகு, அதே காலத்தைப் பற்றிய உண்மையான வரலாற்று நூல்களைக் கொடுத்தார். படித்துவிட்டு வந்தால் கேள்வி வரும்: இந்தத் தளபதி ஏன் இப்படி முடிவெடுத்தார்? வேறு என்ன வழி இருந்தது? அதை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குதிரையில் காட்டுப்பாதை தேடிப் போகும்போதும், ராத்திரி நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும்போதும் இதே பேச்சுதான். போரைப் பற்றி கிளாஸ்விட்ஸ் எழுதிய நூலை மூன்று முறை படிக்க வைத்தார்.

அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இன்னொன்று. முகாமின் அன்றாட வேலையைக்கூட, சண்டைக்களத்தில் எழுதுவது போன்ற முறையான உத்தரவாக ஒவ்வொரு நாளும் எழுதச் சொன்னார். சுத்தமான மாரடிப்பு வேலை! ஆனால் அந்தக் கைப்பழக்கம்தான் பிற்பாடு கைகொடுத்தது.

காலாட்படைத் தலைவர் ஐசன்ஹோவரை ராணுவ அதிகாரிகளுக்கான லெவன்வொர்த் கல்லூரிக்கு அனுப்ப மறுத்தபோது, அதற்குள் வாஷிங்டனுக்கு வந்துவிட்டிருந்த கானர் வேறு பாதை போட்டார். என்ன உத்தரவு வந்தாலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள் என்று ஒரு தந்தி. அடுத்து வந்தது ஆள்சேர்ப்பு வேலைக்கு மாற்றல். மானக்கேடாகத் தெரிந்த அந்த மாற்றல், காலாட்படைத் தலைவரின் பிடியிலிருந்து அவரை விடுவித்தது. இன்னொரு பிரிவின் ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போனார். 1926ல் 245 பேரில் முதலாவதாக வந்தார். விதியை வளைத்தார் கானர் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 245 பேரில் முதலிடத்தைச் சிபாரிசு வாங்கித் தராது.

இதற்கு ஜோடியாக எல்லோரும் சொல்வது 1943 ஆகஸ்ட். சிசிலியில் மருத்துவமனையில் கிடந்த இரண்டு சிப்பாய்களைக் கோழைகள் என்று பாட்டன் அறைந்தார். அதில் ஒருவருக்கு மலேரியா. அப்போது அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஐசன்ஹோவர் கடுமையாகக் கடிதம் எழுதி, மன்னிப்புக் கேட்க வைத்து, பதவியைக் காப்பாற்றிக் கொடுத்தார். கானரிடம் பெற்றதை நண்பனுக்குத் திருப்பித் தந்தார் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பாட்டன் ஐந்து வயது மூத்தவர், உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்த முடியாது என்பது சரி. போர் நடுவே அதற்கு நேரமும் இல்லை. ஐசன்ஹோவருக்குத் தேவைப்பட்டது பாட்டனின் சண்டைத் திறமை, அதைத் தக்கவைத்துக்கொண்டார். பாட்டன் மாறவில்லை. 1944 ஏப்ரலில் இங்கிலாந்தில் வாயைக் கொடுத்து மாட்டினார், மறுபடி காப்பாற்றல். போர் முடிந்தபின் பவேரியாவில் நாஜிக் கட்சியை அமெரிக்கக் கட்சிகளோடு ஒப்பிட்டுப் பேசி மறுபடி மாட்டினார். 1945 அக்டோபரில் மூன்றாம் படையின் பொறுப்பிலிருந்து ஐசன்ஹோவரே அவரை இறக்க வேண்டியதாயிற்று.