சுனாமிப் பிள்ளை என்ற பெயர்

ஆண்டவர் தன் வாழ்வில் செய்ததைப் பிறர் முன் சொல்வதைக் கிறிஸ்தவர்கள் நாங்கள் சாட்சி என்போம். அதைச் சொல்லப் பெரிய அற்புதம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மை. நான் கடலூர் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம், கடல் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் பள்ளிக்கூடத்திலும் நிவாரண வரிசையிலும் நான் 'சுனாமிப் பிள்ளை'தான். சொந்தப் பெயரைக் கூப்பிட ஆளில்லை.

பல வருஷம் கழித்து ஆலயத்தில் பைபிளின் ஏசாயா புத்தகத்தில் 43-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். உன்னைப் பெயர் சொல்லி அழைத்தேன், தண்ணீரைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்று ஆண்டவர் சொல்லும் இடம். 'தண்ணீர்' என்றதும் என் கை நடுங்கியது. அம்மா என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடல்மேல் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதையும் மறைக்காமல்தான் சாட்சியில் சொல்கிறேன். ஆனால் நான் யார் என்று கேட்டால், முதலில் ஆண்டவருடைய பிள்ளை.